இறங்கிய சுருதியில் விட்னி ஹூஸ்டன்

அமெரிக்கப் பாடகி விட்னி ஹூஸ்டனின் 'ஐ லுக் டு யூ' என்ற இசைத்தொகுப்பு 2009ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் வெளிவந்தபோது அவருக்கு வயது 46. இடையில் வெளியிட்ட நத்தார்ப் பாடல்களின் தொகுப்பை விட்டுவிட்டால், ஏழு ஆண்டுகளாக அவரிடமிருந்து புதிதாக எதுவும் வந்திருக்கவில்லை. முதல் வாரத்தில் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 305,000 பிரதிகள் விற்று, பில்போர்ட் 200 பட்டியலின் முதலிடத்தில் அது போய் அமர்ந்தது. இரண்டரை ஆண்டுகள் கழித்து, 2012 பெப்ரவரி 11ஆம் திகதி, அவர் இறந்துபோனார். உயிரோடு இருந்தபோது அவர் பாடி முடித்து வெளியிட்ட கடைசித் தொகுப்பு இதுதான். இருந்தும் அவரைப் பற்றி எழுதப்படுகிற நீண்ட கட்டுரைகளில் இந்தப் பதினொரு பாடல்களுக்கு ஒரு பந்திகூடக் கிடைப்பது அரிது. கிடைத்தாலும், போதைப்பொருளையும் முறிந்துபோன திருமணத்தையும் சொல்லும் அத்தியாயத்தின் ஓரத்தில்தான் அந்தப் பந்தி நிற்கும்.

அவருடைய சொந்த வாழ்வின் துன்பம் இந்தத் தொகுப்பை மறைத்துவிட்டது என்று வழக்கமாகச் சொல்வார்கள். அதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். அந்தத் துன்பத்தை முன்னே நிறுத்தி விற்பதற்கென்றே இந்தத் தொகுப்பு கட்டப்பட்டது என்பதும், அதில் துன்பத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாத பாட்டே மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக அமைந்துவிட்டது என்பதும் என் எண்ணம். மட்டக்களப்பு நகரில் பல வருடங்களாகத் தேவாலயப் பாடகர் குழு ஒன்றைப் பழக்கி வருகிறவன் என்பதால், ரசிகனுடைய காதைவிடக் குழுவைப் பழக்குகிறவனுடைய காதால்தான் அதை அதிகம் கேட்டிருக்கிறேன்.

அது வெளிவந்த நாட்களில் எங்கள் ஊரில் அதைக் கவனித்தவர்கள் மிகச் சிலர். போர் முடிந்து மூன்று மாதங்களே ஆகியிருந்தன. கிழக்கில் 2007லேயே சண்டை ஓய்ந்திருந்தாலும், வன்னியில் என்ன ஆனார்கள் என்று தெரியாத உறவினரைத் தேடி முகாம் முகாமாக அலைந்துகொண்டிருந்த குடும்பங்கள் எங்கள் தெருக்களிலும் இருந்தன. ஆனால் அந்தக் குரல் இங்கே அந்நியமானதல்ல. தொண்ணூறுகளில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போன பெண்கள் அனுப்பிய ரேடியோக்களோடும் கசெட்டுகளோடும் அது வாவியின் இரு கரைக்கும் வந்து சேர்ந்திருந்தது. 1992இல் வெளியான 'த பொடிகார்ட்' திரைப்படத்தின் 'ஐ வில் ஓல்வேய்ஸ் லவ் யூ' பாடலைப் புளியந்தீவிலும் கல்லடியிலும் நடந்த திருமண வரவேற்புகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். டொலி பார்ட்டன் எழுதிய அந்தப் பாட்டு பிரிந்துபோகிற ஒருத்தி விடைபெறும் பாட்டு என்பதைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரோ பெண் வீட்டாரோ கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அந்தப் பாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. பின்னால் வந்த எல்லாவற்றையும் உலகம் அதை வைத்தே அளந்தது. முதல் அடிகள் வாத்தியம் எதுவும் இல்லாமல் வெறும் குரலில் போகின்றன. படத்தின் நாயகன் கெவின் கொஸ்ட்னர் அப்படித்தான் இருக்க வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தார் என்பார்கள். இறுதிப் பகுதிக்கு முன்னால் ஒரு நிசப்தம். ஓர் ஒற்றை மேளத் தட்டு. உடனே பாட்டு முழுவதும் ஒரு முழுச் சுரம் மேலே ஏறிவிடுகிறது. தொண்டையை இறுக்காமல், மார்புக் குரலின் கனத்தை அப்படியே தூக்கிக்கொண்டு அந்த உயரத்துக்குப் போவது மிகச் சிலருக்கே கைவரும். எங்கள் குழுவில் நல்ல சொப்ரானோக்கள், அதாவது உச்சக் குரலில் பாடும் பெண்கள், உயரச் சுரங்களைத் தொடுவார்கள். தொடும்போது குரல் மெலிந்து தலைக்குள் போய்விடும். ஹூஸ்டனுக்கு அது மெலியவில்லை. அமெரிக்கப் பட்டியலில் 14 வாரங்கள் அந்தப் பாட்டு முதலிடத்தில் நின்றதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம், ஆனால் பாடுகிறவர்கள் அதைக் கேட்டு வாயடைத்துப் போனதற்கு இதுவே காரணம்.

அந்த ஆற்றல் தேவாலயத்தில் விளைந்தது. நியூ ஜேர்சி மாநிலத்தின் நியூவார்க் நகரில் 1963இல் பிறந்தவர் அவர். தாய் சிசி ஹூஸ்டன், அரீத்தா ஃபிராங்ளினுக்கும் எல்விஸ் பிரெஸ்லிக்கும் பின்னணிக் குரல் கொடுத்த 'சுவீட் இன்ஸ்பிரேஷன்ஸ்' குழுவைச் சேர்ந்தவர். ஊரின் நியூ ஹோப் பப்திஸ்து தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்தியவர். பாடகி டியோன் வோர்விக் நெருங்கிய உறவு. அந்த மரபில் முதலில் பழக்குவது உயரத்தை அல்ல. நடுக் குரலில் நின்று, வரியின் சொல் விளங்கும்படி, பின்னால் நிற்கும் குழு பதில் சொல்ல இடம் விட்டுப் பாடுவதைத்தான். 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்பில் வந்திறங்கியதிலிருந்து இங்கேயும் மெதடிஸ்த ஞானப்பாட்டுகள் பாடப்பட்டு வருகின்றன. எங்கள் பாடும் முறை வேறு, ஆனால் நடுக் குரல்தான் குழுவைத் தாங்குகிறது என்பதை எந்தப் பழக்குநரும் ஒப்புக்கொள்வார். ஹூஸ்டன் உயரத்தை இழந்தபோது மீதமிருந்தது அந்த நடுக் குரல்தான் என்பதால் இதைச் சொல்கிறேன்.

துன்பம் தொகுப்பை விழுங்கியது 2009இல் முதல் தடவையாக நடந்ததல்ல. 2002 டிசம்பரில் 'ஜஸ்ட் விட்னி' வெளிவந்தது. அதற்குச் சில நாட்கள் முன்னதாக, அதை விளம்பரப்படுத்தும் பொருட்டு, தொலைக்காட்சியில் டயான் சோயருக்கு அவர் நீண்டதொரு நேர்காணல் கொடுத்தார். போதைப்பொருள் பற்றிய கேள்விகளுக்கு அவர் கோபமும் சிரிப்புமாகச் சொன்ன பதில்கள் அடுத்த நாளே பகடிக்காரர்களின் கைக்குப் போய்விட்டன. இன்றும் அந்த நேர்காணலின் துண்டுகள் இணையத்தில் உலவுகின்றன, தொகுப்பின் பாடல்களைத் தேடுவார் இல்லை. பத்திரிகைகளைச் சாடும் பாட்டு ஒன்றையே முதலில் வெளியிட்டார்கள். அதைத் தயாரித்தவர் அவருடைய கணவர் பொபி பிரவுன். சொந்த வீட்டுச் சண்டையை வாசலில் நின்று போடுவது போன்ற பாட்டு அது, எனக்குப் பிடிக்கவில்லை. அவரை அறிமுகப்படுத்தி வளர்த்த கிளைவ் டேவிஸ் 2000ஆம் ஆண்டிலேயே அவருடைய பாடல்களை வெளியிட்ட அரிஸ்டா நிறுவனத்தை விட்டுப் போயிருந்தார் என்பதும் அந்தத் தொகுப்பின் ஒவ்வொரு பாட்டிலும் தெரிகிறது.

2007இல் விவாகரத்து முடிந்தது. டேவிஸ் திரும்பி வந்தார். அடுத்த தொகுப்பை எப்படி விற்பது என்பதை அவர் நன்கு தெரிந்து வைத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன்: வீழ்ந்தவள் எழுந்தாள் என்ற கதையாக. தலைப்புப் பாடல் சுமை தாங்காத ஒருத்தி இறைவனை நோக்கும் பாட்டு, பாடகர் ஆர். கெலி எழுதியது. 'ஐ டிட்ன்ட் நோ மை ஓன் ஸ்ட்ரெங்த்', தன் பலம் தனக்கே தெரியாமல் இருந்ததாகச் சொல்லும் பாட்டு. டயான் வாரன் எழுத, டேவிட் ஃபொஸ்டர் தயாரித்தார். 1992இன் அந்தப் பாட்டைத் தயாரித்தவரும் அதே ஃபொஸ்டர்தான். வெளியீட்டுக்கு இரண்டு வாரம் கழித்து, செப்டெம்பர் 14இல், ஓப்ரா வின்ஃப்ரியின் நிகழ்ச்சியில் போதைப்பழக்கத்தையும் திருமணத்தையும் பற்றி அவர் விரிவாகப் பேசினார். தொகுப்பு வாங்கியவர்கள் பாடல்களோடு ஒரு வாக்குமூலத்தையும் சேர்த்து வாங்கினார்கள். இப்படி விற்ற பிறகு, பாட்டைக் கேட்காமல் வாழ்க்கையையே பேசுகிறார்களே என்று யாரை நொந்துகொள்வது?

தன் துன்பத்தைப் பாடுவது தவறில்லை. அமெரிக்கப் பாடகர் மார்வின் கே 1978இல் வெளியிட்ட 'ஹியர், மை டியர்' முழுவதும் அவருடைய விவாகரத்தைப் பற்றியதுதான். அந்தத் தொகுப்பின் உரிமைப் பணத்தில் ஒரு பங்கு பிரிந்துபோன மனைவி ஆனா கோர்டிக்குப் போகவேண்டும் என்ற ஏற்பாட்டின் பேரில் உருவானது. அப்போது விற்கவில்லை, பின்னாளில் அதை வியந்து பேசினார்கள். ஆனால் அங்கே கோபமும் சிறுமையும் கணக்குத் தீர்க்கும் ஆசையும் கேயின் சொந்தச் சொற்களில் இருக்கின்றன. ஹூஸ்டன் பெரும்பாலும் பிறர் எழுதியதைப் பாடியவர். ஆகவே அவருடைய துன்பத்தையும் பிறரே எழுதிக் கொடுத்தார்கள், யாருக்கும் பொருந்தும்படி, கூர் மழுங்க. புயல், இருள், மீட்சி என்று போகிற அந்த வரிகளில் நியூவார்க் இல்லை, பொபி பிரவுன் இல்லை, புகையால் கரகரத்த தொண்டை இல்லை.

இசை அமைப்பிலும் அதே கோளாறு உண்டு. வாரனின் பாட்டில் ஃபொஸ்டர் வயலின்களை அடுக்கடுக்காக மேலே ஏற்றிக்கொண்டே போகிறார். இதோ அந்தத் தாவல் வரப்போகிறது, இதோ வந்துவிட்டது என்று கேட்பவரின் காது தயாராகிறது. குரல் ஏறத்தான் பார்க்கிறது. முன்பு ஒரே மூச்சில் தாண்டிய இடத்தை இப்போது இரண்டு துண்டாக வெட்டிக்கொண்டு தாண்டுகிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் எவ்வளவோ செப்பனிட்டிருப்பார்கள். ஆனாலும் பாட்டின் கட்டுமானமே 1992ஐ நினைவூட்டும்படி இருக்கும்போது, ஒப்பிடாதே என்று கேட்பவரிடம் சொல்ல முடியாது. தலைப்புப் பாடல் இதைவிட நிதானமானது, அதன் முதற்பாதி எனக்குப் பிடிக்கும். அடங்கிய பியானோவோடு தாழ்ந்த குரலில் அவர் சொற்களை வைக்கும் விதம் நியூ ஹோப் தேவாலயத்தில் பழகியது. 'எ சோங் ஃபோர் யூ' தான் என்னை மிகவும் எரிச்சலூட்டுகிறது. லியோன் ரஸல் 1970இல் வெளியிட்ட அந்த மெதுவான பாட்டை மிக அழகாகத் தொடங்குகிறார். பாதி வழியில் திடீரென்று நடனத் தாளம் புகுந்துவிடுகிறது. அந்தக் குரல் ஒரு மெதுவான பாட்டைக் கடைசிவரை தாங்கும் என்று தயாரிப்பாளர்களுக்கு நம்பிக்கை இருக்கவில்லை என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. பாடகர் ஏகொன் சேர்ந்து பாடியதும், இன்னும் இரண்டு மூன்றும், அந்த வருடத்து வானொலிக்கென்று செய்தவை. அந்த வருடத்தோடு போய்விட்டன.

இனி முதல் பாட்டு. 'மில்லியன் டொலர் பில்' என்ற அதை அலிஷியா கீஸும் சுவிஸ் பீட்ஸும் சேர்ந்து உருவாக்கினார்கள். லொலீட்டா ஹொலவே எழுபதுகளில் பாடிய டிஸ்கோப் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்த துண்டு அதன் அடியில் ஓடுகிறது. ஃபிலடெல்ஃபியா நகரின் இசைக்காரர்களுக்கே உரிய அந்த உருண்டோடும் பேஸ் கிற்றார், கைதட்டல், பின்னால் பெண் குரல்களின் பதில். ஒருவனைக் கண்டதும் கையில் பெரும் பணம் கிடைத்தது போல இருக்கிறது என்பதற்கு மேல் பாட்டில் கருத்து எதுவும் இல்லை. எழுந்து நின்றதாகவோ புயலைக் கடந்ததாகவோ யாரும் சொல்லவில்லை. குரல் எங்கே வசதியாக இருக்கிறதோ அங்கேயே மெட்டும் பெரும்பாலும் நிற்கிறது. உயரம் வேண்டிய இடங்களைப் பின்குரல்கள் எடுத்துக்கொள்கின்றன. அவருக்கு மிஞ்சுவது தாளத்தோடு விளையாடும் வேலை மட்டுமே. ஒரு சொல்லை அரைமாத்திரை பிந்திப் போடுகிறார், அடுத்ததை முந்திப் போடுகிறார், வரியின் முடிவில் கரகரப்பை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார். தேய்ந்த குரல் அங்கே குறையாகத் தெரியவில்லை. நாற்பதைக் கடந்த ஒருத்தி சந்தோஷமாக இருக்கிறாள், அவ்வளவுதான். பிரித்தானியப் பட்டியலில் அது ஐந்தாம் இடம் வரை போனது. அமெரிக்க வானொலி அதை அந்த அளவுக்குத் தூக்கவில்லை. இருள், மீட்சி என்ற கதைக்கு அது பொருந்தாமல் போனதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எங்கள் குழுவில் முன்பு சொப்ரானோவாக இருந்து, வயதானபின் தாழ்ந்த குரலுக்கான ஓல்டோ வரிசைக்கு மாறிய அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் தனிப்பாட்டுப் பாடும் நாளில் நான் ஓகன் வாத்தியத்தின் முன்னால் உட்காருவதற்கு முன்பே என்னிடம் வந்து, "மனே, ஒண்டரக் கட்ட இறக்கிப் போடு, புள்ளைகளுக்கு முன்னால என்னக் கீச்ச விடாத" என்று சொல்லிவிட்டுத்தான் மேடைக்குப் போவார். சுருதியை இறக்கிவிட்டால் அவரைப் போலப் பாட எங்கள் குழுவில் இளையவர்கள் யாரும் இல்லை. மட்டக்களப்புக் கூத்துக் களரிகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன். கூத்தைப் பழக்கி நடத்தும் முதிய அண்ணாவியார் மத்தளத்தோடு நின்று முதலடியை எடுத்துக் கொடுப்பார். பிற்பாட்டுக்காரர்கள் அதை வாங்கி நிரவிக்கொண்டு போவார்கள். விடியும் வரை ஆடும் கூத்தில் ஒரு தொண்டை மட்டும் எல்லாவற்றையும் சுமப்பதில்லை. வயது போன அண்ணாவியாரிடம் இருபது வயதில் பாடிய உச்சத்தைக் கேட்டுச் சண்டை பிடிப்பவரை நான் எந்தக் களரியிலும் கண்டதில்லை.

பொதுவாகத் தமிழ் ரசிகர்கள் முதிர்ந்த குரலிடம் பெருந்தன்மையாகவே இருக்கிறார்கள். 2010இல் கோவையில் நடந்த செம்மொழி மாநாட்டுக்காக ஏ. ஆர். ரஹ்மான் அமைத்த பாடலில், எண்பத்தைந்தைக் கடந்திருந்த டி. எம். சௌந்தரராஜனின் குரல் ஒலித்தது. நடுக்கம் இருந்தது, யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அப்படியானால் ஹூஸ்டனிடம் மட்டும் ஏன் அவ்வளவு கடுமை?

இதற்கு நான் கண்ட விடை அவ்வளவு இனிமையானதல்ல. வயது குரலைத் தின்றால் மன்னிக்கிறோம். பாடகரே தின்றுவிட்டால் மன்னிப்பதில்லை. ஹூஸ்டன் 46 வயதில் அந்தக் குரலை இழந்திருந்தார். புகையும் கொக்கெயினும் அதற்குக் காரணம் என்று எல்லோரும் நம்பினார்கள். அவரே பாதியை ஒப்புக்கொண்டிருந்தார். எனவே 2009இல் எழுதப்பட்ட மதிப்புரைகள் பலவற்றில், பாட்டு எப்படி என்ற கேள்விக்கு அடியில் உனக்குக் கிடைத்ததை என்ன செய்தாய் என்ற கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்திலும் இது உண்டு. சாராயத்தால் குரல் கெட்ட கூத்துக்காரரைப் பற்றிப் பேசும்போது ஊர் அந்த மனிதனுக்காக இரங்குவதில்லை, தனக்குச் சொந்தமான எதையோ அவன் தொலைத்துவிட்டதாகக் கோபப்படும். அவன் வீட்டில் என்ன நடந்தது, ஏன் குடித்தான் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான், அதுவும் யாராவது கேட்டால். குரலைப் பொதுச் சொத்தாக நினைக்கிற இந்த மனநிலையைப் புரிந்துகொள்ள முடிகிறது. அதை இசை விமர்சனம் என்று ஏற்றுக்கொள்ளத்தான் முடியவில்லை.

தொகுப்பை அதோடு விட்டிருந்தால்கூட அது மெல்ல மெல்லத் தன் காதுகளைத் தேடிக்கொண்டிருக்கும். மேடை அதைக் கெடுத்தது. வெளியீட்டுக்கு மறுநாள், செப்டெம்பர் 1இல், நியூயோர்க்கின் சென்ட்ரல் பார்க்கில் காலை நிகழ்ச்சி ஒன்றுக்காக ஆயிரக்கணக்கானோர் முன் பாடியபோது குரல் உடைந்தது. ஓப்ராவுடன் நெடுநேரம் பேசியதால் தொண்டை கட்டிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டார். வாக்குமூலம் கொடுத்ததால் பாட்டுக்குக் குரல் இல்லாமல் போனது என்பதை அவர் வாயாலேயே கேட்க வேண்டியதாயிற்று. அந்த வருட இறுதியில் உலகச் சுற்றுப்பயணம் தொடங்கியது. 2010 பெப்ரவரியில் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் அவர் மூச்சு வாங்கிப் பாடியதைக் கண்டு சிலர் இடையிலேயே எழுந்து போனார்கள். ஏப்ரலில் சுவாசத் தொற்றினால் பாரிஸ் நிகழ்ச்சி தடைப்பட்டது. பயணத்துக்குப் பெயர் இந்தத் தொகுப்பின் பாட்டொன்றிலிருந்து எடுத்தது. ஆனால் நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் வந்தது பழைய பாட்டுக்காக. அந்த 1992இன் தாவலை ஒவ்வோர் ஊரிலும் அவர் மறுபடி தாண்டிக் காட்ட வேண்டியிருந்தது.

இந்தப் பயணத்துக்கு ஒப்புக்கொடுத்தவர்களைத்தான் நான் அதிகம் குறை சொல்வேன். சிறிய அரங்கு, பத்துப் பேர் கொண்ட தேவாலயக் குழு, சுருதி இறக்கிய பழைய பாடல்கள், 'மில்லியன் டொலர் பில்' போன்ற புதிய பாடல்கள் என்று ஒரு மாலையை அமைத்திருக்க முடியாதா? முடியும். அதற்கு இவ்வளவு பெரிய அரங்குகளின் வருமானம் வராது. பிற்பாட்டுக்காரர்கள் இல்லாத களரியில் அவரை இரண்டு மணி நேரம் தனியே நிறுத்தினார்கள் என்றுதான் எங்கள் ஊர்க்காரர் எவரும் சொல்வார்.

பெவர்லி ஹில்டன் விடுதியில் அவர் இறந்த அன்று மாலையே, அதே கட்டடத்தில், கிளைவ் டேவிஸின் வருடாந்த கிராமி விருந்து நடந்தது. மேலே உடல் இருக்கும்போதே கீழே பாட்டும் உணவும் நடந்ததைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். குளியல் தொட்டியில் மூழ்கியதே மரணத்துக்குக் காரணம் என்றும், இதய நோயும் கொக்கெயினும் அதற்குத் துணைபோயின என்றும் பிரேத பரிசோதனை அறிக்கை சொன்னது. நியூ ஹோப் தேவாலயத்தில் நடந்த இறுதி வழிபாட்டில் 'ஐ லுக் டு யூ' பாடப்பட்டது. பாடியவர் அதை எழுதிய ஆர். கெலி. பெட்டியைத் தூக்கிச் செல்லும்போது ஒலித்ததோ 1992இன் பாட்டு. அடுத்த வாரங்களில் அந்தப் பழைய பாட்டு மீண்டும் அமெரிக்கப் பட்டியலின் மூன்றாம் இடத்துக்கு ஏறியது.

தலைப்புப் பாடலின் மேல் பிறகு இன்னொரு நிழலும் விழுந்தது. பாலியல் குற்றங்களுக்காக 2021இல் குற்றவாளியாகக் காணப்பட்ட கெலிக்கு, 2022இல் 30 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இறைவனை நோக்கிக் கையேந்தும் அந்த வரிகளை இனி தேவாலயத்தில் பாடலாமா என்று எங்கள் குழுவில் ஓர் இளையவர் கேட்டார். பாடவேண்டாம் என்று முடிவு செய்தோம். ஹூஸ்டன் பாடியதைக் கேட்பது வேறு விடயம். அந்த நிழலை அவர் கொண்டுவரவில்லை.

அவர் இறந்த பிறகு, 2012 ஆகஸ்டில் வெளியான 'ஸ்பார்க்கிள்' என்ற திரைப்படத்தில் அவர் ஒரு தாயாக வருகிறார். தேவாலயத்தில் நின்று, 1905இல் எழுதப்பட்ட 'ஹிஸ் ஐ இஸ் ஓன் த ஸ்பரோ' என்ற ஞானப்பாட்டைப் பாடுகிறார். குரல் தொகுப்பில் இருந்ததைவிடவும் இறங்கிவிட்டிருக்கிறது, கரகரப்பை மறைக்கும் முயற்சி எதுவும் இல்லை, பின்னால் குழு நிற்கிறது. கதையில் நடுவயதுப் பெண் ஒருத்தி பாடவேண்டியிருந்ததால், யாரும் அவரிடம் 1992ஐக் கேட்கவில்லை. 2009இலும் அவரை இப்படிப் பாடவிட்டிருக்கலாம் என்று அந்தக் காட்சியைப் பார்த்தபோது எண்ணிக்கொண்டேன்.

தொகுப்பைப் புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் முதல் மூன்று பாடல்களை அதே வரிசையில் கேட்கலாம். மூன்றாவதான 'கோல் யூ டுநைட்' ஆரவாரமில்லாத, நன்றாக நெய்த பாட்டு, அதைப் பற்றி யாரும் எழுதாதது எனக்கு ஆச்சரியம். ஐந்தாவதைத் தாண்டிவிடலாம். ஆறாவதில், தாளம் புகும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். ஏழாவதை, மேலே நான் சொன்ன வயலின்களையும் பொறுத்துக்கொண்டு, ஒரு முறையாவது கேளுங்கள். முதற்சரணத்தில் அவர் மூச்சு எடுக்கும் இடங்களைப் பாடுகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். இத்தனையும் கேட்ட பிறகு முதலாவதற்குத் திரும்பிப் போய், ஒலியைச் சற்றுக் கூட்டி வைத்துக் கேளுங்கள்.